ஒற்றைக் காதுக்கு முழுப் பாட்டு தந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரிலோ போனிலோ நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. வாயால் சொன்னபோது பாதிதான் வெளியே வந்தது. மீதியைத் தொண்டை பிடித்துக்கொண்டது. நீங்கள் எனக்குச் செய்தது என்ன என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை எழுந்தபோது என் இடது காது கேட்கவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரவு படுக்கும்போது இருந்தது, விடிந்தபோது போய்விட்டது. முதலில் போன இடத்தில் சளி அடைப்பு என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். காது நிபுணரைப் பார்ப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு செவிப்பறை வழியாக ஊசி, எல்லாம் ஆயிற்று. கேட்கும் திறன் திரும்பவில்லை. (இதைப் படிக்கும் யாருக்காவது திடீரென்று ஒரு காது மந்தமானால், சளி என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இதற்கு நாட்கணக்கில்தான் அவகாசம்.)

பேச்சைச் சமாளித்துவிடலாம், தலையைத் திருப்பிக்கொண்டால் போதும். பாட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஹெட்போனில் ராஜா பாட்டைப் போட்டால் வலது பக்கம் கேள்வி கேட்கும் வாத்தியம் இருக்கிறது, இடது பக்கம் பதில் சொல்லும் வாத்தியம் இல்லை. இருபது வருடமாக மனப்பாடமான பாட்டில் பாதி வீடு இடிந்து கிடப்பதுபோல இருந்தது. நான்கு மாதம் எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

முதல் நன்றி என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவி இதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுவாள். எண்பதை நெருங்கும் மனிதர், பிறந்ததிலிருந்து டகோமாவிலேயே (அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊர்) இருக்கிறவர். என் காது விஷயம் கேள்விப்பட்டு, ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் ஒரு பழைய பெட்டி பிளேயரையும் ஷூ பெட்டி நிறைய 45 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். பிளேயரில் ஒரே ஒரு ஸ்பீக்கர். "இதில் எதுவும் உனக்குக் குறையாது" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் பிடிபட்டது. 1960களின் நடுவில் வந்த சிங்கிள் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. ஜூக்பாக்ஸுக்கும் ஏ.எம். ரேடியோவுக்கும் செய்தவை. குரல், கிடார், டிரம்ஸ் எல்லாம் ஒரே வழியாக ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வரும். இடம் வலம் என்ற பேச்சே கிடையாது. இரண்டு காது உள்ளவர் எதைக் கேட்கிறாரோ அதையேதான் நானும் கேட்கிறேன்.

அவர் முதலில் போட்டது சோனிக்ஸ் என்ற ராக் குழுவின் தட்டு. இந்த ஊர்ப் பிள்ளைகள், 1964இல் முதல் சிங்கிள், 1965இல் முதல் ஆல்பம். இந்த ஊரில் ஒன்பது வருடம் குடியிருந்தும் எனக்கு அந்தப் பெயர் தெரியாது. கேரேஜ் ராக் என்பதே அதுதான்: பள்ளிக்கூடப் பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில், மூன்று கார்டும் (கிடாரில் சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) மலிவான ஆம்ப்ளிஃபையரும் வைத்துக்கொண்டு, ஊருக்குள் ஒரு சின்ன கம்பெனி தட்டுப் போட, வாசித்த இசை. அந்த முதல் ஆல்பத்தைச் சியாட்டிலில் இரண்டு டிராக் டேப்பில் பதிந்தார்கள். டிரம்ஸ் முழுதுக்கும் சேர்த்து ஒரே மைக். அடுத்த ஆல்பத்துக்கு டகோமா ஸ்டூடியோ ஒன்றில், எதிரொலியை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாசித்தார்களாம், சத்தம் சுவரில் மோதித் திரும்பட்டும் என்று. அவர்களின் பாடகர் ஜெர்ரி ராஸ்லி கத்துகிற கத்தலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. 'ஸ்ட்ரிக்னைன்' என்ற பாட்டில் மற்றவர்களுக்குத் தண்ணீர் பிடிக்கும், ஒயின் பிடிக்கும், எனக்கு அந்த விஷம்தான் பிடிக்கும் என்று பாடுகிறார். ஸ்ட்ரிக்னைன் நம்மூர் எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷம். எங்கள் ஆச்சி எட்டி மரத்தடியில் விளையாடினால் அடிப்பாள். டகோமாவில் ஒரு பையன் அந்த எட்டியைக் குடித்துவிட்டுக் கூத்தாடுகிறான்! அன்றைக்கு நான் நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன் என்று மனைவி சொல்கிறாள்.

பெரியவர் அதோடு விடவில்லை. வாரத்துக்கு ஒரு தட்டு, கூடவே ஒரு கதை. சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவில் ஸ்பானிஷ் காசில் என்று ஒரு நடன அரங்கு இருந்ததாம். வெய்லர்ஸ் குழுவை அங்கேதான் பார்த்திருக்கிறார். (பாப் மார்லியின் வெய்லர்ஸ் அல்ல, இவர்கள் டகோமா வெய்லர்ஸ்.) 1968இல் அரங்கை இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்துக்கு என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போய் நிறுத்தி, மேடை எந்தப் பக்கம் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் இருவரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

இரண்டாவது நன்றி ரென்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கும் அக்காவுக்கும். அண்ணா, நான் சும்மா பேச்சுவாக்கில் பெட்டி பிளேயர் பற்றிச் சொன்னேன். "சனிக்கிழமை எங்கட கேரேஜுக்குக் கொண்டுவாரும்" என்றீர்கள். அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டுகிற மழையில் உங்கள் காரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நாற்காலி போடுகிறீர்கள். இடது சுவரோரம் ஒரு நாற்காலி எப்போதும் எனக்கு. அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் என் நல்ல காதுப் பக்கம் இருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. முதல் நாளே யோசித்துப் போட்டிருந்தீர்கள். அக்கா, உங்கள் ரோல்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

அங்கே நாங்கள் வைத்துக்கொண்ட முறை ஒன்றுதான்: ஒரு பாட்டின் மூலத்தையும், அதை வேறொருவர் எடுத்துப் பாடிய கவரையும் அடுத்தடுத்துப் போட வேண்டும். பிறகு சண்டை. இந்தச் சண்டையில் எனக்குக் கிடைத்த பெரிய வரவு கென்ட்டில் மிருதங்கம் சொல்லித்தரும் சார்.

சார், 'லூயி லூயி' போட்ட இரவை நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ரிச்சர்ட் பெர்ரி எழுதி 1957இல் வெளியிட்ட பாட்டு. ஊர் திரும்பத் துடிக்கும் ஒரு மாலுமி மதுக்கடைக்காரரிடம் தன் காதலியைப் பற்றிச் சொல்கிறான். சாச்சா நடையில், பதமாக. 1961இல் நம் டகோமா வெய்லர்ஸ் அதை எடுத்து முறுக்கேற்றினார்கள். 1963 ஏப்ரலில் போர்ட்லாந்தின் கிங்ஸ்மென் பதிந்ததுதான் உலகம் அறிந்தது. பெர்ரி, வெய்லர்ஸ், கிங்ஸ்மென் என்று மூன்றையும் போட்டபோது எனக்கு ஏதோ இடறியது, எது என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் தொடையில் தட்டி எண்ணினீர்கள். முன்பு ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, ஒன்று-இரண்டு என்று விழுந்த அடி, கிங்ஸ்மெனிடம் ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு என்று ஆகிவிட்டது. பாடகர் ஜாக் ஈலி தன் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தபோது ஓர் அடியைத் தொலைத்திருக்கிறார். அப்படித் தொலைந்த அடிதான் உலகம் முழுக்க இன்றைக்கும் பிள்ளைகள் வாசிக்கும் 'லூயி லூயி'. "குரு தப்பாகச் சொன்னாலும் சிஷ்யன் தாளத்தில் நின்றால் பாட்டு நிற்கும்" என்று நீங்கள் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பதிவில் இன்னொரு இடமும் உண்டு. மைக் உயரத்தில் தொங்கியதால் ஈலி அண்ணாந்து கத்திப் பாட வேண்டியிருந்தது, பல்லில் கம்பி வேறு. கிடார் தனி முடிந்ததும் அவசரப்பட்டு அடுத்த சரணத்தைத் தொடங்கிவிட்டு, தப்பு என்று தெரிந்து சட்டென்று நிறுத்துகிறார். டிரம்ஸ்காரர் ஓர் உருட்டு உருட்டி அந்தப் பள்ளத்தை மூடுகிறார். மறு பதிவு எடுக்கவில்லை, அப்படியே வெளியிட்டார்கள். வார்த்தை புரியாததால் ஆபாசப் பாட்டு என்று புகார் போய், எஃப்.பி.ஐ. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை என்று கைவிட்டது. நானும் வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்டேன். இரண்டு காது உள்ள நாட்டின் காவல்துறைக்கே புரியாத பாட்டு! எனக்குப் புரியாததில் ஒரு குறையும் இல்லை என்று அன்றைக்குத்தான் மனதார நம்பினேன்.

பெர்ரிக்கு நேர்ந்ததை மட்டும் என்னால் ஆறிப்போக முடியவில்லை. கல்யாணச் செலவுக்காக அந்தப் பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பாடிய பிறகு, 1980களில்தான் அவருக்குப் பங்கு திரும்பக் கிடைத்தது. சோனிக்ஸின் 'ஹேவ் லவ் வில் டிராவல்' கூட அவர் எழுதியதுதான். அதையே பிளாக் கீஸ் என்ற இருவர் குழுவினர் ஓஹையோவின் ஏக்ரனில் ஒரு வீட்டின் நிலவறையில், 2003இல் வந்த தங்கள் ஆல்பம் முழுதையும் 14 மணி நேரத்தில் பதிந்தபோது, மறுபடி எடுத்துப் பாடினார்கள். எங்கள் கேரேஜில் இந்த மூன்றுக்கும் ஓட்டெடுப்பு வைத்தோம். சோனிக்ஸ் வென்றது. எனக்கு அதில் முழு உடன்பாடு. அண்ணா இன்னமும் பெர்ரி பக்கம்தான்.

சாரின் மகளே, பதினான்கு வயதில் நீ எனக்குச் செய்ததை உனக்கே விளங்கச் சொல்ல வேண்டும். "மாமா, உங்களுக்குக் கேட்காததைப் பார்க்கலாம்" என்று சொல்லி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற ராக் குழுவின் இரண்டு வீடியோக்களைச் சுவரில் ஓட்டினாய். இரண்டும் மிஷெல் காண்ட்ரி எடுத்தவை. 2002இல் வந்ததில் பாட்டு முழுக்க லெகோ கட்டைகளால் ஆன உருவங்கள் பிரேம் பிரேமாக நகர்கின்றன. ஆனால் என்னை உலுக்கியது மற்றொன்று, 2003இல் வந்த 'தி ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்'. குழுவின் டிரம்ஸ்காரர் மெக் ஒயிட் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் நியூயார்க் தெருவில் புதிதாக ஒரு டிரம்ஸ் முளைக்கிறது. அவர் அதற்குத் தாவிவிடுகிறார். கணினி வித்தை இல்லை, 32 டிரம்ஸ் செட்டுகளை நிஜமாகவே வாங்கி வரிசையாக வைத்து எடுத்தார்கள். தாளம் ரயில் பெட்டிபோல நீண்டு போவதைக் கண்ணால் பார்த்தேன். காது போன பிறகு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஒற்றைக் காதால் திசை அறிவது கடினம். அன்றைக்குச் சுவரில் ஒவ்வொரு அடிக்கும் ஓர் இடம் இருந்தது. இருட்டில் நான் கண்ணைத் துடைத்ததை நீ பார்த்தும் பார்க்காததுபோல அடுத்த வீடியோவைப் போட்டாய். அதற்கும் நன்றி, கண்ணே.

போனில் மோனோ ஆடியோ என்று ஓர் அமைப்பு இருப்பதைச் சொன்ன கோயம்புத்தூர் தம்பிக்கு நன்றி. அணுகல்தன்மைப் பக்கத்தில் அதைத் தட்டிவிட்டால் இரண்டு பக்க ஒலியும் கலந்து ஒரே காதில் வந்துவிடும். தம்பி, ராஜா பாட்டில் தொலைந்த பதில் வாத்தியம் எனக்குத் திரும்பக் கிடைத்தது உன்னால். போலி ஸ்டீரியோ பற்றி எச்சரித்த தட்டுக் கடைக்காரப் பெண்மணிக்கும் நன்றி. மோனோ பதிவைச் செயற்கையாகப் பிரித்து அந்தக் காலத்தில் கம்பெனிகள் விற்றவற்றை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப அடுக்கில் வைத்தார்.

சிங்கப்பூர் அண்ணன், நீங்கள் அனுப்பியவை தனி ரகம். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷாடோஸ் குழுவும் அங்கே வந்து வாசித்த பிறகு தெருவுக்குத் தெரு கிடார் குழுக்கள் கிளம்பியதையும், மலாய்ப் பாட்டில் பாப் யே யே என்று அது உருவெடுத்ததையும் நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு இது அமெரிக்க விவகாரமாகவே இருந்திருக்கும். மாங்க்ஸ் குழுவின் வீடியோவுக்கும் நன்றி. ஜெர்மனியில் பணிபுரிந்த ஐந்து முன்னாள் அமெரிக்கச் சிப்பாய்கள், உச்சியை வழித்துக்கொண்டு, கழுத்தில் கயிற்றோடு, 1966இல் ஜெர்மன் டிவியில் மின்சார பாஞ்சோ வாசிக்கிறார்கள். அதைப் பார்த்து அக்கா தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்.

என் மனைவிக்கு இங்கே நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். நான்கு மாதம் வீட்டில் யாரும் பாட்டுப் போடாமல் என்னோடு சேர்ந்து அவளும் மௌனமாக இருந்தாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரும் சனிக்கிழமை என் முறை. போர்ட்லாந்தில் ஒரு கடையில் ரிச்சர்ட் பெர்ரியின் 1957 சிங்கிள் கிடைத்திருக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல், ஆனால் ஊசி தாண்டவில்லை. அதன் முன்பக்கத்தில் இருப்பது ஒரு கவர், 'யூ ஆர் மை சன்ஷைன்'. அதைத்தான் ஓடும் என்று நம்பியிருக்கிறார்கள். 'லூயி லூயி' பின்பக்கம். பெரியவரும் வருகிறார், இந்தத் தடவை ஒற்றை ஸ்பீக்கர் பிளேயரை அவரே ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணா, முதலில் பின்பக்கத்தைப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். முன்பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

நன்றியோடும் அன்போடும்,
டகோமாவிலிருந்து,
இடது சுவரோர நாற்காலிக்காரன்