குரலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கிரிக்கெட் சீசன் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் தமிழ் வர்ணனை நன்றாக இருந்ததாகப் பலரும் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுடையது.

ஒலிப்பதிவு அண்ணன்களே, மைதானத்துக்குப் போகாமல் ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துப் பேசும் நாட்களில் உங்களை நம்பித்தான் உட்காருகிறோம். படமும் சேப்பாக்கத்துச் சத்தமும் தனித்தனி வழியில் வரும்போது, சத்தம் அரை நொடி முந்தினாலே போதும். பந்து மட்டையில் படுமுன்பே கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழுந்துவிடும். முடிவு தெரிந்த குரலில் பதைப்பு இருக்காது. வீட்டில் பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு முன், வீரர்களின் பயிற்சி நேரத்திலேயே மட்டையில் பந்து படும் காட்சியையும் அந்த ‘டொக்’ சத்தத்தையும் ஒப்பிட்டு, முந்திவரும் ஒலியைத் தாமதப்படுத்திச் சரிசெய்து வைத்தீர்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். பந்து, பேட், பவுண்டரி, பவர்பிளே என்று இந்தத் தொழிலில் எல்லாமே ‘ப’தானே! நேராக வைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் காற்று மைக்கில் மோதி வெடிக்கும்.

வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றோரைக் கேட்டு வளர்ந்த மூத்த வர்ணனையாளர்களுக்கு எங்கள் வணக்கம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். “கவர் திசையில் இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே அழகாக அடித்தார்” என்று முடிப்பதற்குள் பந்து எல்லைக்கோட்டில் இருக்கும். “அடிச்சார்! கவர் திசை... ஆளில்லை... நாலு!” என்று வினையை முன்னால் இழுத்து வாக்கியத்தை உடைக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் வாயை மூடு, மிச்சத்தைப் படம் சொல்லும் என்பதும் உங்கள் பாடமே. பழக மிகவும் கஷ்டமான பாடம் அது.

புள்ளிவிவரம் எடுத்துத் தரும் தம்பி, சீட்டுக்கு ஒரே தகவலைப் பெரிய எழுத்தில் தந்தாய்: “ஹிர்வானி, சேப்பாக்கம், 1988, அறிமுக டெஸ்ட், 16 விக்கெட்.” நான்கு வரி இருந்தால் பேச்சு வாசிப்பாக மாறிவிடும்.

ஓவர் முடிந்ததும் காதுக்குள் “அஞ்சு, நாலு, மூணு” என்று எண்ணிய தயாரிப்பாளருக்கும் நன்றி. அந்த எண்ணிக்கை இல்லையென்றால் பாதிச் சொல்லிலேயே விளம்பரம் வந்து வெட்டியிருக்கும். மே மாத வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் நுழைந்தவர்களிடம் ஐஸ் தண்ணீரைக் காட்டாமல், ஒவ்வொரு இடைவேளையிலும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டிய அக்காவுக்கு, தொண்டை கட்டாத இந்தக் குரலாலேயே நன்றி.

அன்புடன்,
தமிழ் வர்ணனைக் குழுவினர்
சென்னை