இரண்டு அட்டையும் வேண்டும்: ஆட்சியருக்கு மூன்றாவது மனு

அனுப்புநர்
முன்னாள் ஹவில்தார் (ஓட்டுநர்), ஆர்மி சர்வீஸ் கோர்
(பெயர், படை எண், முகவரி தனித்தாளில் உள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தையும் 70 வயது நிறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துப் பயன்படுத்த அனுமதி வேண்டியும், என் மனைவிக்கு உள்ளூரிலேயே டயாலிசிஸ் கிடைக்க வழிசெய்யக் கோரியும்.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு; முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு உள்ளது. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் 1973-ல் ராணுவத்தில் சேர்ந்து, 24 ஆண்டுகள் லாரி ஓட்டி, 1997-ல் ஓய்வு பெற்றவன். வயது 72. என் மனைவிக்கு 70 முடிந்துவிட்டது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் நடக்கிறது. இதையெல்லாம் முந்தைய மனுக்களிலும் எழுதியிருந்தேன். அவை இப்போது எந்த மேஜையில் இருக்கின்றனவோ தெரியாததால் மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரலில் வந்தது. கட்ட வேண்டிய தொகையைக் கட்டிச் சேர்ந்தேன். நல்ல திட்டம், பழிக்க மாட்டேன். செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. எனக்குச் சர்க்கரை மாத்திரை, மனைவிக்கு ரத்தம் ஊறுவதற்கான ஊசி எல்லாம் மாதாமாதம் பாலிகிளினிக்கில், அதாவது அந்தத் திட்டத்தின் வெளிநோயாளர் மருத்துவமனையில், தருகிறார்கள். (சில மாதம் சீட்டில் 'என்.ஏ.', அதாவது மருந்து இருப்பில் இல்லை, என்று எழுதிக் கொடுப்பார்கள். வெளியில் வாங்கிவிட்டுப் பில்லோடு அலைய வேண்டும். அது வேறு மனு.)

2. 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிவைத்தது. டிவியில் பார்த்துவிட்டு மறுவாரமே விசாரிக்கப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி பொறுமையாக விதியைப் படித்துக் காட்டினார். இ.சி.எச்.எஸ்.ஸில் இருப்பவர்கள் அதிலேயே இருக்கலாம், அல்லது அதை விட்டு இதற்கு வரலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது. தனியார் கம்பெனியில் பாலிசி எடுத்திருந்தால் என்று கேட்டேன். அவர்களுக்கு இரண்டும் உண்டாம். இ.எஸ்.ஐ.யில் இருந்தால்? அவர்களுக்கும் உண்டாம். பிரீமியம் கட்ட வசதியுள்ளவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், சிப்பாய்தான் ஒன்றைத் தொலைக்க வேண்டும் என்பது என்ன கணக்கு என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டையாவது கேட்கலாம் என்றால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் பென்ஷன் அதைத் தாண்டிவிடுகிறது.

3. அப்படியானால் பழையதை விட்டுவிட்டு வாருங்களேன் என்று எளிதாகச் சொல்கிறார்கள். ஆயுஷ்மான் என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கும் டயாலிசிஸ் போல அங்கேயே செய்துகொண்டு திரும்பும் சிகிச்சைக்கும்தான். மருந்துச் செலவு என்றால் சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள், அவ்வளவுதான். மாதாமாத மாத்திரைக்கும் ஊசிக்கும் அதில் இடமில்லை. விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன், எழுதித் தர ஆள் இல்லை.

4. இனி, எங்களை உண்மையில் வாட்டும் விஷயம். இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள, டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து 74 கிலோமீட்டர், பக்கத்து மாவட்டத்தில். அதிகாலை 4 மணிக்கு மனைவியை எழுப்புவேன். 4.40-க்கு முதல் பஸ். நடுவில் ஒரு மாறுதல். எந்திரத்தில் 4 மணி நேரம். அப்புறம் அதே வழியில் திரும்பி வீடு வந்து சேர மாலை 5 ஆகும், ரயில்வே கேட் மூடாமல் இருந்தால். அந்த கேட்டைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேம்பாலம் வெறும் தூண்களாக நிற்கிறது, தங்கள் காரும் அங்கே நின்றிருக்கும்.

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டித்தான் அனுப்புவார்கள். வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்ட ஒரு வெள்ளிக்கிழமை, கை கம்பியில் இடித்து, சேலை முந்தானை முழுக்க ரத்தம். கண்டக்டர் நல்ல மனிதர், தன் துண்டைக் கொடுத்தார். இன்னொரு நாள் பஸ் நிலையத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். இளநீர்க்காரர் இரக்கப்பட்டு ஒன்றை வெட்டி நீட்டினார். சிறுநீரகம் போனவருக்கு இளநீர் விஷம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாளொன்றுக்குக் குடிக்கும் தண்ணீரே அளவுதான். மே மாத வெயிலில் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வருவார். ஸோஜி லா கணவாயில் பனியில் லாரி ஓட்டியவன் நான், அம்மா. அந்தப் பாதைக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை.

இத்தனைக்கும் வாரச்சந்தையைத் தாண்டினால், வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில், டயாலிசிஸ் எந்திரங்களோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசுக் காப்பீட்டை வாங்கிக்கொள்கிறார்கள். இ.சி.எச்.எஸ்.ஸில் மட்டும் சேரவில்லை. பில் பணம் வரத் தாமதமாகும் என்று பயமாம். நாங்கள் திரும்பி வரும் பஸ் அதன் வாசலில்தான் நிற்கும். நிறுத்தத்தின் பெயரே ஆஸ்பத்திரி ஸ்டாப். கண்டக்டர் 'ஆஸ்பத்திரி எல்லாம் இறங்கு' என்று குரல் கொடுக்க, 74 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நாங்கள் அங்கே இறங்குகிறோம்.

கேளுங்கள் இன்னும். போன ஐப்பசி மழையில் மனைவி, "என்னங்க, இந்த ஒரு வெள்ளிக்கிழமை விட்டுடலாமா?" என்றார். எனக்கும் உடம்பு முடியவில்லை, சரி என்றேன். ஞாயிறு ராத்திரி மூச்சுத் திணறியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அதே பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லி, பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு கேட்டு வாங்கலாம் என்பது விதி. ஆக, மூச்சுத் திணறினால் அந்த ஆஸ்பத்திரி சரி, திணறாதபடி பார்த்துக்கொள்ள அங்கே போனால் தவறு. இதை எழுதி வைத்தவர் யார், அம்மா? அவர் வீட்டில் வயதானவர்களே இல்லையா?

5. தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் போடக்கூடாதா என்று கேட்பீர்கள். எந்திரம் இருக்கிறது, இடம் இல்லை. பெயர் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. யாராவது தவறினால்தான் இடம் வரும் என்று நர்ஸ் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்காக நான் சாமி கும்பிடவா?

6. வெளியூர் பஸ் என்பதால் மகளிர் இலவசப் பயணமும் செல்லாது.

7. ஆகவே தங்களைப் பணிந்து கேட்பது: 70 வயது நிறைந்த முன்னாள் படைவீரரும் அவர் மனைவியும் மாதாந்திர மருந்துக்கு இ.சி.எச்.எஸ்., உள்ளூர் சிகிச்சைக்கு ஆயுஷ்மான் என இரண்டையும் வைத்துக்கொள்ள அனுமதிக்கும்படி மத்திய சுகாதாரத் துறைக்கும் பாதுகாப்புத் துறைக்கும் தாங்கள் பரிந்துரை எழுத வேண்டும். இது மத்திய அரசு விஷயம், எங்கள் கையில் இல்லை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே கேட்டால் உங்கள் கலெக்டரிடம் சொல்லுங்கள் என்கிறார்கள். நான் கேட்பது கையெழுத்தோடு ஒரு கடிதம். ஒரே செலவுக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், டயாலிசிஸ் இன்ன அட்டையில் மட்டும்தான் என்று பூட்டிவிடுங்கள். இரண்டிலும் ஆதார் எண் இருக்கிறது, பார்த்தால் தெரிந்துவிடும்.

8. அந்த உத்தரவு வரும்வரை என் மனைவியின் உடம்பு காத்திருக்காது. அதற்குள் பக்கத்து ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும் பாலிகிளினிக் பொறுப்பதிகாரியையும் ஒரே நாளில் தங்கள் முன் கூப்பிட்டு, டயாலிசிஸுக்கு மட்டுமாவது ஒப்பந்தம் போட வையுங்கள். தாங்கள் கூப்பிட்டால் வருவார்கள். நான் கூப்பிட்டால் யார் வருவார்?

9. டயாலிசிஸ், அம்மா. வேறு எதையும் கேட்கவில்லை. நிலம் கேட்கவில்லை, பேரனுக்கு வேலை கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ்.

எழுத்தில் கடுமை தெரிந்தால் மன்னிக்கவும். இந்த மனுவுக்காவது, முடியாது என்றாலும் சரி, ஒரு பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் விளக்கம் வேண்டுமானால் செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: இரு மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல், டயாலிசிஸ் குறிப்பேடு நகல், ஒரு மாத பஸ் டிக்கெட்டுகள் (அசல், திருப்பித் தர வேண்டாம்).