வெளிநாட்டில் ஓட்டிய வருடங்களையும் கணக்கில் எடுங்கள்: காப்புறுதிக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் வாகனக் காப்புறுதி வழங்கும் கம்பனிகளின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றை மேற்பார்வை செய்யும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினருக்கும்,

வணக்கம்.

கடந்த கிழமை உங்கள் கம்பனிகளில் ஒன்றின் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து, கனடாவில் ஓட்டிய வருடங்களைக் கணக்கில் எடுத்து எனது காருக்கு முழுக் காப்புறுதி தரும்படி நான் கேட்டதற்குப் பதில் வந்தது. ஏழு மாதங்களாகக் காத்திருந்த அந்தப் பதிலில் இரண்டே வரிகள் இருந்தன. வெளிநாட்டுக் காப்புறுதி அனுபவத்தை ஏற்றுக்கொள்வது தங்கள் நடைமுறையில் இல்லை என்பது முதல் வரி. புதிய சாரதிக்குரிய நிபந்தனைகளின் கீழேயே முழுக் காப்புறுதி தரமுடியும் என்பது இரண்டாவது. எனக்கு வயது 52. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 23 வருடங்கள், பனிக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடக்கும் வீதிகள் உட்பட, ஒரு தடவையேனும் இழப்பீடு கோராமல் வாகனம் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான்.

உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் என்னை மரியாதையாகவே நடத்தினார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இருந்த தம்பி எனது இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, வழங்கப்பட்ட திகதியில் விரலை வைத்து, "அண்ணை, லைசென்ஸ் எடுத்து மூண்டு மாசந்தானே" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய கணினியில் நிரப்புவதற்கு அந்தத் திகதிக்கான கட்டம் மட்டுமே இருந்தது. ஆனால் வேரஹெரவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகம் எனது ஒன்ராறியோ அனுமதிப்பத்திரத்தை அடிப்படையாக வைத்தே அந்த அட்டையை எனக்கு வழங்கியது. நாட்டின் திணைக்களம் ஏற்றுக்கொண்ட ஒன்றை உங்கள் கணினி ஏன் ஏற்கவில்லை என்று அன்று கேட்டேன்; இன்றும் அதையே கேட்கிறேன்.

உள்ளூரில் ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர், தான் இழப்பீடு கோரவில்லை என்று பழைய கம்பனி தரும் கடிதத்தைக் காட்டினால், எல்லோரும் நோ கிளெயிம் போனஸ் என்று சொல்லும் அந்தக் கழிவு அவருக்குத் தொடர்கிறது. கனடாவிலும் அதே போன்ற கடிதம் உண்டு. அனுபவக் கடிதம் என்பார்கள். காப்புறுதி எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிந்தது, எத்தனை தடவை இழப்பீடு கோரப்பட்டது என்பவை அதில் இருக்கும். நான் அதைக் கொடுத்தேன். அந்த மாகாணத்தின் போக்குவரத்து அமைச்சிலிருந்து பெற்ற எனது சாரதிப் பதிவேட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தேன். ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தின் அத்தாட்சி வேண்டும் என்று உங்கள் கிளை கேட்டது. நள்ளிரவில் எழுந்து, அங்கே பிற்பகலாக இருந்த நேரத்தில் மகளுடன் பேசினேன். அவள் வேலைக்கு லீவு போட்டு, துணைத்தூதரகத்துக்குப் போய், முத்திரை வைப்பித்து, கூரியரில் அனுப்பிவைத்தாள். அது வந்து சேர்ந்த அன்றே கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் கொண்டுபோய் உங்கள் கிளையில் ஒப்படைத்தேன். அதன் பிறகு ஆறு தடவைகள் போய்க் கேட்டேன். ஆறு தடவையும் "ஹெட் ஒஃபிசுக்கு அனுப்பியிருக்கிறம்" என்ற ஒரே பதில்தான். ஏற்கும் நடைமுறையே இல்லையென்றால், அத்தாட்சியை ஏன் கேட்டீர்கள்?

மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியுடன் ஓடலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். சட்டம் வற்புறுத்தும் அந்தக் காப்புறுதியையும் வருமான உத்தரவுப்பத்திரத்தையும் நான் எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது வாகனங்களுக்குப் பெறுமதி குறிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. பதினொரு வருடம் ஓடிய ஒரு சிறிய காருக்கு எனது சேமிப்பின் பெரும்பகுதியைக் கொடுத்தேன். கண்டி வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அந்தச் சேமிப்பு முழுவதும் போய்விடும். நீங்கள் தர முன்வந்த முழுக் காப்புறுதியிலோ கழிவு எதுவுமில்லை. அதற்கு மேல், அனுபவமற்ற சாரதி என்ற காரணத்தால் ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதற் பகுதியை நானே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எனது கையெழுத்தால் நானே என்னை அனுபவமற்றவன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தைப்பொங்கலுக்கு முன்னர் வாங்கிய கார் நல்லூரில் கொடியேறிய பின்னரும் தகரக் கொட்டிலின் கீழ் நிற்கிறது. முன்கண்ணாடியில் முருங்கைப் பூ உதிர்ந்து ஒட்டியிருக்கிறது. பற்றறி இறங்கிவிடக்கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கையின் முகப்பு வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருகிறேன். 81 வயதான என் அம்மாவை மாதம் இரு முறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதோ ஓட்டோவில்தான். அவருக்கு இரண்டு முழங்கால்களும் மடங்காது. சேலையை ஒரு கையால் கூட்டிப் பிடித்து, மற்றக் கையால் சாரதிக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பற்றி, முதலில் இருக்கையில் பக்கவாட்டாகச் சாய்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக நான் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். போன மாதம் ஏறும்போது கொட்டிலைப் பார்த்து, "அது எங்கட கார் தானே தம்பி?" என்று கேட்டார். கார் எங்களுடையதுதான் என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய அப்பாவின் மொறிஸ் மைனரில்தான் நான் ஓட்டப் பழகினேன். பிறகு கனடாவுக்குப் போனபோது அங்கே நான் புதிய சாரதி. எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்கினேன். புதியவனுக்குரிய அதிக கட்டணத்தையே கட்டினேன். யாழ்ப்பாணத்தில் ஓட்டிய வருடங்களுக்கு என்னிடம் எந்தக் காகிதமும் இருக்கவில்லை என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. இன்று என்னிடம் காகிதம் இருக்கிறது, அதில் முத்திரையும் இருக்கிறது. அப்படியிருந்தும் பிறந்த ஊரில் மீண்டும் நான் புதிய சாரதி.

என்னைவிடக் கடினமான நிலையில் இருப்போர் பலர். கட்டாரிலும் சவூதியிலும் பத்துப் பதினைந்து வருடங்கள் லொறியும் பஸ்ஸும் ஓட்டி, அந்த உழைப்பில் ஒரு வானை வாங்கி ஹயருக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று வருகிறவர்களுக்கு, வாகனத்தைக் காப்புறுதி செய்தது முதலாளி என்பதால், அனுபவக் கடிதம் கூடக் கிடைப்பதில்லை. அவர்களிடம் இருப்பது அந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தின் முதல் திகதி மட்டுமே. அந்தத் திகதியையாவது பாருங்கள். புலம்பெயர்ந்தோரே திரும்பி வாருங்கள், முதலிடுங்கள் என்று மேடை போட்டுக் கூப்பிடும் ஒரு நாட்டில், வந்தவர் முதலில் வாங்கும் பொருளுக்கே காப்பு இல்லை என்பது எங்களை உண்மையாகவே புண்படுத்துகிறது. அனுப்பிய பணத்தை வரவு வைத்த நாடு, உழைத்த வருடங்களையும் வரவு வைக்க வேண்டாமா?

ஆணைக்குழுவினரிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதி பெறுவோரின் நலனைப் பாதுகாக்கும் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கிறது. அத்தாட்சிப்படுத்தப்பட்ட வெளிநாட்டு அனுபவக் கடிதத்தையும், வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தின் முதல் திகதியையும் கணக்கில் எடுக்கும்படி எல்லாக் கம்பனிகளுக்கும் அறிவுறுத்துங்கள். எவரேனும் நிராகரித்தால், காரணத்தைத் தமிழில், எழுத்தில் தரச் சொல்லுங்கள். சலுகை எதுவும் கேட்கவில்லை. ஓட்டிய வருடங்களைக் கணக்கில் எடுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

எனக்குப் பதில் அனுப்பிய கம்பனியாரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எனது அனுபவக் கடிதத்தின் மூலப்பிரதி, என் மகள் முத்திரை வைப்பித்து அனுப்பியது, இன்னமும் உங்கள் தலைமை அலுவலகத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து அதை மீண்டும் ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அதன் பின்னரும் உங்கள் முடிவு மாறாதென்றால், அதை யாழ்ப்பாணக் கிளைக்கு அனுப்பிவையுங்கள்; நான் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கோண்டாவிலிலிருந்து,
23 வருடங்கள் வாகனம் ஓட்டிய ஒரு சாரதி