செயலாளர் ஆண்டறிக்கை: லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரு வருஷம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கலைஞரின் இசை என்ற வழக்கத்தை விட்டு, இந்த ஆண்டு முழுக்க அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசையை மட்டுமே கேட்பது என்று போன பொதுக்குழுவில் தீர்மானித்தோம். சலித்துவிடாதா என்று சிலர் கேட்டீர்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. சலிக்கவில்லை.

முதலில் ஒரு திருத்தம். முதல் கூட்டத்தின் அழைப்பிதழில் அவர் பிறந்தநாளை 1900 ஜூலை 4 என்று அச்சிட்டிருந்தோம். அவரே வாழ்நாளெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தார். சரியான தேதி 1901 ஆகஸ்ட் 4. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸின் தேவாலயப் பதிவேட்டில் இருந்த ஞானஸ்நானக் குறிப்பிலிருந்து அது தெரியவந்தது.

அவருடைய சிறுவயதைப் பற்றிய கூட்டத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தீர்கள். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் வேலை செய்த பையன், தெருவில் ஆட்களைக் கூப்பிட ஒரு தகரக் குழலை ஊதிக்கொண்டு போவான். முதல் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவி) வாங்க அந்தக் குடும்பம்தான் முன்பணம் கொடுத்தது. 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டு, சீர்திருத்த இல்லத்துக்குப் போனான். பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியருக்கு முதலில் அவன்மேல் நம்பிக்கையில்லை. கடைசியில் அவர்தான் கார்னெட் சொல்லிக்கொடுத்து, இல்லத்து பேண்டுக்கே அவனைத் தலைவனாக்கினார்.

மூன்றாவது கூட்டத்தில் கரண்ட் போனது. ஒருவர் தன் மொபைலை எவர்சில்வர் சொம்புக்குள் வைத்து 1923-ஆம் ஆண்டுப் பதிவுகளைப் போட, சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அவற்றைப் பதிவு செய்தபோதும் மைக் கிடையாது. பெரிய கூம்புக்குழல் ஒன்றின் முன்னால் எல்லோரும் நின்று வாசித்தார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் அவருடைய குரு கிங் ஆலிவரையே மூழ்கடித்ததால் ஆம்ஸ்ட்ராங்கை மட்டும் தள்ளி மூலையில் நிறுத்தினார்கள் என்று, பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்பாடு சொன்னார். 1924-இல் ஆம்ஸ்ட்ராங்கை மணந்தவர் இந்த லில்தான். சொம்புக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

அப்புறம் ஜூன் மாதம். 1928 ஜூன் 28-இல் சிகாகோவில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ ஒன்றை மட்டுமே கேட்டோம். பக்கவாத்தியமே இல்லாமல் அவர் தனியாக ஊதும் தொடக்கம் பன்னிரண்டு விநாடிதான். அதையே திரும்பத் திரும்பப் போட்டோம். கடைசிப் பகுதியில் உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறார். தொடையில் தட்டி எண்ணினால் கிட்டத்தட்ட பதினாறு தட்டு. அதுவரை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் எல்லோரும் சேர்ந்து இழைந்து வாசிப்பதே பிரதானமாக இருந்தது. ஒருவர் தனியே நின்று தன் மனதை முழுதாகச் சொல்லலாம் என்ற வழியை அழுத்தமாகப் போட்டவர் இவர். தான் பாடும் முறைக்குப் பாடகி பில்லி ஹாலிடே இவரையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

அன்று நம் அழைப்பை ஏற்று வந்த பேண்டு செட் அண்ணன் தன் மேலுதட்டைக் காட்டினார். நடுவில் மவுத்பீஸ் அழுத்தி அழுத்தி வட்டமாக ஒரு தழும்பு. உச்சஸ்தாயியில் ஊத ஊத ஆம்ஸ்ட்ராங்கின் உதடும் கிழிந்திருக்கிறது. களிம்பு தடவிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியவர்.

1957-ஐப் பற்றிய விவாதம் சூடாகவே நடந்தது. மேடையில் சிரித்துக்கொண்டே இருக்கிறார் என்று இளைய கறுப்பினக் கலைஞர்கள் அவரைக் குறைசொன்ன காலம். லிட்டில் ராக் என்ற அமெரிக்க நகரத்துப் பள்ளியில் கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் தடுத்தபோது, அதிபர் ஐசன்ஹோவரையே வெளிப்படையாகச் சாடி, அரசாங்கத்துக்காக சோவியத் நாட்டுக்குக் கச்சேரி செய்யப் போகமாட்டேன் என்றார். கைவசம் இருந்த பேரும் புகழும் போகலாம் என்று தெரிந்தே பேசினார். இதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 1971 ஜூலை 6-இல் நியூயார்க் குயின்ஸில் தன் வீட்டிலேயே காலமானார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதற்கு முன் ஒரு தீர்மானம். பேண்டு செட் அண்ணனிடம் பழகும் பையன்கள் ஒரே ட்ரம்பெட்டை முறைவைத்து ஊதுகிறார்கள். கையிருப்பிலிருந்து அவர்களுக்கு இன்னொன்று, பழையதானாலும் வால்வு நல்ல நிலையில் உள்ளதாக, வாங்கித்தர அனுமதி கோருகிறேன். முன்மொழிகிறேன், வழிமொழிபவர்கள் கை உயர்த்தவும்.