சங்கம் வைத்துவிட்டார்கள் என்று பதறும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி கார்த்திக்,

உங்கள் கம்பெனியில் தொழிற்சங்கம் வைத்துவிட்டார்கள், கோரிக்கை மனு எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அதிகாரியான உன் மேசைக்கே வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கூடவே பொருளாதாரமும் கொஞ்சம் எழுதியிருந்தாய். சம்பளத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும், சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும், அரசு இதில் தலையிடாமல் இருப்பதே பொதுநலம் என்பது உன் வாதம். மனுவை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன். பொருளாதாரத்தை முதலில் பேசிவிடுவோம். அதில் இருக்கும் கோணல்தான் உன்னை மேசையிலும் தப்பு செய்ய வைக்கும்.

அரசு ஒதுங்க வேண்டும் என்கிறாயே, எதிலிருந்து? நீ உட்கார்ந்திருக்கும் இடமே சிப்காட் நிலம், அதாவது மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனத்துடையது. ஊர்க்காரர்களிடமிருந்து அரசு கையகப்படுத்தி, 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அதன்மேல் முத்திரைத் தீர்வைச் சலுகை, சில ஆண்டுகளுக்கு மின்சார வரி விலக்கு, மூலதன மானியம். பக்கத்தில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்ததும் சிப்காட்தான். உங்கள் லைனில் நிற்கும் பெண் காலையில் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறுகிறாள், வீட்டில் ரேஷன் அரிசி பொங்குகிறது. இதெல்லாம் இல்லாவிட்டால் அவள் கேட்கும் சம்பளம் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார். நான் இவற்றைக் குறை சொல்லவில்லை. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் தமிழ்நாட்டில் இருப்பதற்கு இவையும் காரணம். ஆனால் முதலாளி பக்கம் இத்தனை வேலை செய்யும் அரசு, தொழிலாளி சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்கும்போது மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் சுதந்திரச் சந்தை அல்ல.

சங்கம் இல்லாத இடத்தில் நிம்மதி இருக்கும் என்ற நம்பிக்கைக்கு 2021 டிசம்பர் பதில் சொல்லும். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நிறையப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். "யாரும் சாகவில்லை, நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்" என்று சொல்லவும், சொன்னால் நம்பப்படவும், அவர்களுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஆள் இல்லை. மாவட்ட ஆட்சியரும் அமைச்சரும் வந்து பேச வேண்டியிருந்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. சோறும் குளியலறையும் பற்றிய புகார், பேச ஆளிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

அடுத்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சாம்சங் ஆலை. இதை நீ செய்தியாகப் படித்திருப்பாய், நடைமுறையாகப் படித்திருக்க மாட்டாய். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம். சம்பளம், வேலை நேரம் என்று கோரிக்கைகள் இருந்தாலும் முடிச்சு விழுந்த இடம் சங்கப் பதிவு. 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் கேட்டவை எளியவை: குறைந்தது 7 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம், ஆலைத் தொழிலாளர்களில் 10 விழுக்காடு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள், சங்க விதிகளின் நகல், நிர்வாகிகளின் பெயர், வயது, முகவரி, தொழில். இவை சரியாக இருந்தால் பதிவாளர் பதிவு செய்தாக வேண்டும் என்பதே 8-ம் பிரிவு. பதிவாளருக்கு அதில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

நிறுவனம் எழுப்பிய ஆட்சேபம், 'சாம்சங்' என்ற தன் பெயரைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. அதே சட்டத்தின் 7-ம் பிரிவை எடுத்துப் படி. ஏற்கெனவே இருக்கும் வேறொரு சங்கத்தின் பெயரோடு ஒத்துப்போனால்தான் பெயரை மாற்றச் சொல்லலாம். கம்பெனிப் பெயரைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. அப்படியிருந்தும் கோப்பு நகரவில்லை. ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் பிடித்தது, பந்தலைப் பிரித்தது, மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் உயர் நீதிமன்றம் 6 வாரக் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரி 27-ல் பதிவு கிடைத்தது. செய்ய வேண்டிய எழுத்து வேலையைக் காலத்தில் செய்திருந்தால் இத்தனை உற்பத்தி இழப்பும் இல்லை, இத்தனை பேருக்குச் சம்பள இழப்பும் இல்லை. அரசின் பங்கு என்ன என்று கேட்டாயே, முதல் பங்கு இதுதான். கோப்பில் கையெழுத்துப் போடுவது.

இன்னொன்றையும் கவனி. வேலைநிறுத்தம் நடக்கும்போதே நிர்வாகம் வேறொரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு போட்டு, 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. காசு சின்னதில்லை. ஆனாலும் போராட்டம் நிற்கவில்லை. உள்ளே போனவர்களோடு போட்ட ஒப்பந்தம் வெளியே உட்கார்ந்தவர்களை எப்படிக் கட்டும்? சாம்சங்கே தன் சொந்த நாட்டில், சங்கம் கூடாது என்ற பழைய கொள்கையைக் கைவிடுவதாக 2020 மே மாதம் பகிரங்கமாகச் சொன்ன கம்பெனி என்பதையும் நினைவில் வை.

இந்தச் சட்டம் வந்த கதையே நம் ஊர்க் கதைதான். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே பக்கிங்ஹாம், கர்னாடிக் துணி ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி நீதிமன்றம் போய், வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டுகிறார்கள் என்று வாடியா முதலானோர் மீது தடையாணை வாங்கியது. சம்பள உயர்வுக்காகத் தொழிலாளரைத் திரட்டுவதே வழக்குக்குரிய செயலாகிவிட்டது. அதன் பிறகுதான் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், 1926-ல் சட்டம் பிறந்தது. பதிவான சங்கத்துக்கு அந்தச் சட்டத்தின் 17, 18-ம் பிரிவுகள் வழக்குகளிலிருந்து கொடுத்த பாதுகாப்பு அந்தத் தடையாணைக்கான பதில்.

சங்கத்தின் பக்கமும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. அதே பின்னி ஆலையில் 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களோடு மோதல் வந்து புளியந்தோப்பு எரிந்தது. சேரிக்காரரைச் சமமாகச் சேர்த்துக்கொள்ளாத சங்கம் நெருக்கடியில் இரண்டாக உடைந்தது. இன்று அந்தக் கோடு நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நடுவே ஓடுகிறது. நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். ஒரே லைன், ஒரே ஸ்க்ரூ, பாதிச் சம்பளம். பல சங்கங்கள் இவர்களை உறுப்பினராகவே சேர்ப்பதில்லை.

முதலீடு ஓடிவிடும் என்ற பயத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் மூடியதற்கு வரி வழக்கும், நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேராமல் போனதும் காரணம். மறைமலை நகர் ஃபோர்டு, இந்தியாவில் கார் விற்று நட்டப்பட்டே போனது. மறுபக்கம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் சங்கத்தோடு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். 2025-ல் போட்டது மாதம் 31,000 ரூபாய் உயர்வு, மூன்று ஆண்டுகளில் 55, 25, 20 விழுக்காடாகப் பிரித்து. கம்பெனி எங்கேயும் ஓடவில்லை.

இனி உன் மேசை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன, 1926-ம் ஆண்டுச் சட்டமும் தொழில் தகராறுகள் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் தொழிலாளர் அலுவலகத்தில் இன்னும் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து '12(3)', '18(1)' என்றுதான் பேசுவார்கள். இந்த இரண்டின் வித்தியாசம் தெரியாமல்தான் பல எச்.ஆர்.கள் வழுக்குகிறார்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் போடும் 12(3) ஒப்பந்தம், கையெழுத்துப் போடாதவர், நாளை வேலைக்குச் சேர்பவர் உட்பட ஆலை முழுவதையும் கட்டும். நீங்களும் ஒரு தரப்பும் தனியாகப் போடும் 18(1), கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். சொன்ன பேச்சுக் கேட்கும் பத்துப் பேரைப் பிடித்து 18(1) போட்டுவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று மேலே மெயில் அனுப்பாதே.

உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கி சூப்பர்வைசர்களிடம் கொடுக்கும் வேலையும் வேண்டாம். அடுத்த வாரமே யாரையாவது வேறு ஷிஃப்டுக்கு மாற்றுவார்கள், அது பழிவாங்கலாக உன் தலையில் விடியும். பெரும்பான்மையில் சந்தேகம் இருந்தால் முறைப்படி சரிபார்ப்புக்குப் போகலாம். புதிய சட்டப்படி பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 விழுக்காடு உறுப்பினர் உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். சமரசம் நடக்கும்போது தகராறோடு தொடர்புள்ள விஷயத்துக்காக யாரையும் அனுமதி வாங்காமல் வேலைநீக்கம் செய்ய முடியாது. சாம்சங்கில் சங்கம் பதிவான சில நாட்களில் சங்க நிர்வாகிகள் 3 பேரைக் கம்பெனி இடைநீக்கம் செய்ததில் அடுத்த போராட்டம் வெடித்து ஒரு மாதம் ஓடியது.

வேலைநிறுத்த நோட்டீஸ் வந்தால் 14 நாள் கழியாமல் அவர்கள் வேலையை நிறுத்த முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். இந்த விதி உனக்குச் சாதகம் என்று சந்தோஷப்படாதே. அந்த 14 நாள் பேசுவதற்காகக் கொடுத்தது. வக்கீல் தேடி அலைந்தே அதைத் தீர்த்துவிடுபவர்கள் நிறைய.

சம்பளக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. உயர்வு முழுவதையும் அலவன்ஸில் போட்டு அடிப்படைச் சம்பளத்தை அப்படியே விட்டால் பி.எஃப்., கிராஜுவிட்டி மிச்சம் என்று யாராவது உனக்கு யோசனை சொல்வார்கள். இப்போது ஊதியக் கணக்கில் சேராமல் விலக்களிக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும். ஆகவே முதலிலேயே அடிப்படை, பஞ்சப்படி, அலவன்ஸ் என்று பிரித்து, ஒவ்வொரு வருடத்துக்கும் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, நிலுவை எத்தனை தவணையில் என்று அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு போ. உற்பத்தி இலக்கைக் கூட்டப் போகிறீர்கள் என்றால் மணிக்கு எத்தனை யூனிட், லைனில் எத்தனை ஆள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இது எழுதப்படாத ஒப்பந்தங்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பவும் தகராறுக்கு வரும். கேன்டீன், பஸ், குறைதீர்க் குழு ஆகியவற்றைச் சம்பளத்துக்கு முன்னால் பேசி முடி. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு சட்டப்படியே இருக்க வேண்டும், பெண்களுக்கும் அவர்கள் விகிதத்துக்கேற்ப இடம் தர வேண்டும்.

மனுவில் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நீயே கேள். சங்கத் தலைவர் சங்கடப்படுவார், உன் ஜி.எம். அதைவிடச் சங்கடப்படுவார். இருவரும் பேசாமல் விட்டால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனியாக இன்னொரு கொடி ஏற்றும் நாள் தூரத்தில் இல்லை.

பதிலை இந்த வாரமே எழுத்தில் கொடு. மனு கிடைத்தது, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன அறையில் பேச்சுவார்த்தை, சங்கத் தரப்பில் இத்தனை பேர் வரலாம் என்று நாலு வரி போதும். நிர்வாகத் தரப்பில் சம்பளத்தில் முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவர் உட்கார வேண்டும். அவர் வரமாட்டார் என்றால் தேதியே கொடுக்காதே, அவரை வரவைத்துவிட்டுக் கொடு. தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று இரண்டு சுற்று ஓட்டினால், மூன்றாவது சுற்றுக்கு முன்பே வேலைநிறுத்த நோட்டீஸ் வந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்