அப்பாவின் ஆப்பச் சோடா

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? அப்பாவின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ரத்தத்தில் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் லிட்டருக்கு 18 மில்லிமோலுக்கு இறங்கிவிட்டது, 24 ஒட்டி இருக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆப்பச் சோடாவையா மாத்திரையா குடுக்குறாங்க?" என்று அப்பா கேட்டார். ஆமாம்ப்பா, அதேதான் என்றேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நல்ல சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது. லிட்டருக்கு 24 மில்லிமோல் என்றால் 4,320. ஆப்பச் சோடாவாக நிறுத்தால் 360 கிராமுக்கு மேல்! அத்தனையும் ஒவ்வொரு நாளும் வடிந்து, ஏறக்குறைய முழுசாக ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதில் பெரும்பங்கு அண்மைச் சுருள் நுண்குழலில், அதாவது வடிகட்டியை அடுத்து வரும் முதல் குழலில். அதன் சுவரில் உள்ள செல் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, சோடியத்தை உள்ளே இழுக்கிறது. வெளியே பைகார்பனேட் அந்த ஹைட்ரஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி செல்லுக்குள் நுழைகிறது, உள்ளே மறுபடி பைகார்பனேட் ஆகிறது. வாசலில் உருமாறி, வீட்டுக்குள் பழைய உருவத்துக்கு வருவது போல. நீ வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான், எனக்கு இப்போதுதான் புரிந்தது.

சரி, இந்த ஒரு செல்லையாவது சமன்பாடாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். காலத்தைச் சிறு அடிகளாக வெட்டிக் கணக்கிடும், நாம் படித்த ரூங்கே-குட்டா முறையில் ஓட்டினால் பத்தே அடியில் எண்கள் வெடித்துச் சிதறின. அந்த உருமாற்றத்தை வேகப்படுத்தும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்சைமின் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரை வேலை செய்யக்கூடியது. குழலிலோ மாற்றம் மெதுவாக வருகிறது. வேகமான வினை அடங்கிப் போன பிறகும், அதற்குப் பயந்து பொடி அடியாகவே நடக்க வேண்டியிருக்கிறது. 1952-லேயே கர்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் இதற்கு 'ஸ்டிஃப்' என்று பெயர் வைத்து, வழியும் காட்டிவிட்டார்கள்: நிற்கும் இடத்துச் சரிவை வைத்து அடி எடுக்காதே, போய்ச் சேரும் இடத்துச் சரிவை வைத்து எடு. போன வாரம் ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் டிரைவரின் கண் பம்பருக்கு முன்னால் இருக்கும் ரோட்டில் இல்லை, வண்டி வெளியே வந்து சேரப்போகும் இடத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு, இந்த வழியின் எளிய வடிவமான பின்னோக்கு ஆய்லர் முறையை வகுப்பில் சொல்லிக் கொடுப்பது எனக்கு எளிதாகிவிட்டது.

முறையை மாற்றியதும் வெடிப்பு நின்றது. ஆனால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு மைனஸில் போனது, மாப்ளே! இரண்டு நாள் தேடினேன். செல்லுக்குள் பிஹெச் 7.2 என்றால் லிட்டருக்கு வெறும் 63 நானோமோல். நான் எல்லாவற்றையும் மோலில் எழுதியிருந்தேன். நிரல் கண்டுகொள்ளாமல் விடும் பிழை வரம்பு ஒரு மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஹைட்ரஜன் முழுவதுமே அந்த வரம்புக்குக் கீழே கிடந்தது. நிரல் அதைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு அயனிக்கும் தனி வரம்பு வைத்தேன், 7.2-இல் அழகாக வந்து நின்றது. அப்புறம் என்சைமின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், பைகார்பனேட் சிறுநீரில் ஒழுக ஆரம்பித்தது. அசிட்டசோலமைடு மாத்திரை செய்வதும் இதைத்தானே?

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. உடம்பில் அமிலம் கூடினால் அதை வெளியேற்ற, சிறுநீரகம் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவைக் கூடுதலாகச் செய்யும், ஆனால் அது உச்சத்துக்கு வர நாட்கள் ஆகும் என்கிறார்கள். அந்த மெதுவான பகுதியையும் சேர்த்தால்தான் அப்பாவின் கதை முழுசாக வரும். எந்த என்சைம் எவ்வளவு கூடுகிறது என்று எழுதி அனுப்பு. முடிந்தால் மல்கோவா தீருவதற்குள் நேரில் வா. அப்பாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்