கதவுள்ள ஓர் அறை வேண்டி மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்: கிராம சுகாதார செவிலியர், ஆஷா பணியாளர்கள், பந்தலூர் வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: துணை சுகாதார நிலையத்தில் வளரிளம் பருவத்தினரிடம் தனியாகப் பேச அறை கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து மேலிடத்துக்குக் கொடுத்துப் பதில் வராத மனுக்கள்.

ஐயா, வணக்கம்.

சேரம்பாடி, அய்யன்கொல்லி, எருமாடு பக்கத்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் (வரிசையாக ஒட்டிக் கட்டியவை) பழங்குடி கிராமங்களும் தாங்கள் அறிந்தவையே. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. எங்கள் நிலையத்தில் மக்கள் வந்து போக இருப்பது ஒரே அறை. தடுப்பூசி, எடை, கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் எல்லாம் அங்கேதான். கதவைச் சாத்தினால் வரிசையில் நிற்பவர்கள் மழையில் நனைவார்கள் என்பதால் சாத்துவதில்லை. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். முன்னால் அத்தை, பின்னால் பக்கத்து லைன் அக்கா. மாதவிடாய் தள்ளிப்போனதை ஒரு பிள்ளை அங்கே எப்படிச் சொல்வாள்? போன மழைக்காலத்தில் ஒருத்தி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். முறை வந்ததும், "தலைவலி மாத்திரை குடுங்க சிஸ்டர்" என்றாள். தலைவலிக்கு வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மாத்திரையோடு போனவள் திரும்ப வரவேயில்லை. பையன்கள் வாசலோடு சரி.

2. படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளுக்கு வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அங்கன்வாடியில்தான். வாங்குகிறார்கள், பேசாமல் போகிறார்கள்.

3. பரம்பரையாக வரும் ரத்த நோயான சிக்கிள் செல் ரத்தசோகைக்கு 2023-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது, பரிசோதனை நடக்கிறது, சரி. முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்குக் கல்யாணம் ஆகுமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு எங்கே வைத்துப் பதில் சொல்வது? அதே வாசலிலா?

4. போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்), 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் நாங்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்கவில்லை. அதை அந்தப் பிள்ளைக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவாவது நான்கு சுவர் வேண்டாமா, ஐயா? வரிசையில் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கப் பரவுகிறது. அப்புறம் பிள்ளையை வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை, இல்லாவிட்டால் அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எங்களை நம்பி வாய் திறந்ததற்கு அவளுக்கு இதுதானா கிடைக்க வேண்டும்? வீட்டுக்கே போய்ப் பேசலாமே என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். லைன் வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். சொல்பவர்கள் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். இதை எத்தனை முறைதான் எழுதுவது?

5. புதுக் கட்டடம் கேட்கவில்லை. பின்பக்கச் சின்ன அறையில் உடைந்த கட்டிலும் பீரோவும் அடைந்து கிடக்கின்றன. கழிவு செய்ய உத்தரவு இல்லாமல் நாங்கள் தொட முடியாது. அந்த உத்தரவும், ஒரு கதவும், சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற அனுமதியும் போதும். யானை நடமாட்டம் தொடங்கும் முன் அவர்கள் வீடு திரும்பிவிடலாம்.

அந்த அறையை ஒதுக்கித் தருமாறு மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவுக்காவது எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர், ஆஷா பணியாளர்கள்